முக்கால் அங்குலப் பிடி

தாராவி, மும்பை
11 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தேவேந்திரன் எழுதுகிறேன். தபாலைப் பார்த்ததும் பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றுமில்லை. நானும் மேரியும் சுகமாகவே இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்குத் தோள்வலி குறைந்ததா, இல்லை இன்னும் நீதான் கடைசல் பட்டறையைப் பார்க்கிறாயா?

இத்தனை வருஷம் போனில் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எல்லாம் வேலை விஷயம்தான். அளவைப் போனில் சொன்னால் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று கேட்பாய். போட்டோவில் கட்டை பெரிதா சிறிதா என்றே தெரியாது. அதனால் கட்டையைக் காகிதத்தின் மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். நீ செய்ததை அதன் மேலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தோலில் துளை போடுகிற குத்தூசிக்கு நீ முன்பு கடைந்து கொடுத்த பிடி ஒரு அங்குலக் கனம். அது இப்போது கொஞ்சம் மெலிவாகத் தெரிகிறது. ஒன்றே கால் அங்குலத்தில் இரண்டு வேண்டும். பைக்கு வருகிற தோல் முன்னைவிடத் தடிப்பு, மழைக்காலத்தில் கை வேர்த்து வழுக்குகிறது. அடுத்தது, தோலைத் தட்டுகிற கொட்டாப்புளி. புளியமரத்தில் நீ செய்து தந்தது நல்ல கட்டைதான், ஆனால் கனம். லேசான மரத்தில் ஒன்று செய்து அனுப்பு.

இங்கே மழை பிடித்துவிட்டது. மேரி இப்போது என்னோடு பட்டறைக்கு வந்து பைகளுக்கு உள்துணி ஒட்டுகிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
தேவேந்திரன்

*

ஐயம்பேட்டை
2 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்துப் பதினைந்து வருஷம் இருக்கும். தபால்காரர் கொடுத்தபோது உன் மாமா கண்ணாடி தேடி எடுத்து வந்து, எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டார். அவருக்குத் தோள் இன்னும் மேலே எழவில்லை. பட்டறை என் கையில்தான். தறிக்காரர்கள் உருளைக்கட்டைக்கு நச்சரிக்கிறார்கள். லோகாம்பாள் வீட்டில் இரண்டு தறி புதிதாகப் போடுகிறார்கள், அதற்குரிய கடைசல் வேலை முழுக்க நமக்கு வந்திருக்கிறது. முழங்காலைப் பற்றிக் கேட்காதே, அது அப்படியேதான் இருக்கிறது.

பிடி இரண்டும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. வேப்பமரம். நீ போட்ட கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழை கூட விலகவில்லை. கொட்டாப்புளி விஷயத்தில்தான் உன் மேல் கோபம். லேசான கட்டையால் அடித்தால் தோலில் எப்படிப் பதிவு விழும்? கனம்தானே பாதி வேலையைச் செய்வது? இருபது வருஷம் தோலில் கை வைத்தவன் கேட்கிற கேள்வியா இது? நீ கேட்டாய் என்பதற்காக மாமரத்தில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். அதில் அடித்துக் கை ஓய்ந்தால் என்னைத் திட்டாதே.

நேற்று இரண்டு தடவை போன் போட்டேன். மேரிதான் எடுத்தாள். "அவரு கடைக்குப் போயிருக்காரு அண்ணி, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றாள். இரவு ஒன்பது மணிக்கு என்ன கடை? உடம்பைப் பார்த்துக்கொண்டு வேலை செய்.

இப்படிக்கு,
அக்கா நீலாம்பாள்

*

தாராவி
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவையும் உன்னையும் விசாரித்ததாக மேரி சொல்லச் சொல்கிறாள்.

பிடி வந்தது. நன்றாக இருக்கிறது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் கனம் கூட்ட வேண்டும். ஒன்றே முக்கால் அங்குலம். நுனியைக் கொய்யாக்காய் மாதிரி உருண்டையாக விட்டுவிடு, உள்ளங்கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். விரலால் பிடித்து அழுத்துவதைவிட அது வேகமான வேலை என்று இங்கே ஒருவர் சொன்னார்.

தைக்கும்போது தோலைக் கவ்விப் பிடிக்கிற கட்டை இருக்கிறதே, அதை இதுவரை இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டுதான் தைத்தேன். இனிமேல் அதை மேசையோடு சேர்த்து முடுக்குகிற மாதிரி வேண்டும். படம் போட்டிருக்கிறேன். திருகாணி இங்கேயே வாங்கிக்கொள்கிறேன், துளை மட்டும் விடு.

மாமரக் கொட்டாப்புளி போதும். உன்னைத் திட்டவில்லை.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அதனால்தான் பேசவில்லை.

தேவேந்திரன்

*

ஐயம்பேட்டை
10 செப்டம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஏகாம்பரநாதரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கவ்வுகட்டையைத் தேக்கில் செய்து அனுப்பியிருக்கிறேன். வாய்ப்பக்கம் தோலில் தடம் விழாமல் இருக்க நன்றாக இழைத்துவிட்டேன். பிடியும் நீ சொன்னபடி ஒன்றே முக்கால் அங்குலம். கடைந்து முடித்ததும் என் கையில் வைத்துப் பார்த்தேன். என் விரல் முழுதும் சுற்றி வரவில்லை. உன் மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, அம்மிக் குழவியா?" என்றார்.

மூன்று மாதத்தில் ஒன்று, ஒன்றே கால், ஒன்றே முக்கால் என்று போகிறது. காகிதத்தில் கட்டையின் அளவு வருகிறதே தவிர, அதைப் பிடிக்கிற கையின் அளவு வரவில்லை. ஒன்று செய். வலது கையைக் காகிதத்தில் விரித்து வைத்து, மேரியைச் சுற்றிக் கோடு போடச் சொல். அந்தக் கைக்குத் தக்கபடி கடைந்து தருகிறேன். அப்புறம் நீ அளவே சொல்ல வேண்டியதில்லை.

தீபாவளிக்கு நாங்கள் வரட்டுமா? மாமாவுக்கும் மும்பையைப் பார்க்க ஆசை. உன் கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் உன் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அப்பா இருந்தவரை அவர் பேச்சைக் கேட்டேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. இன்னும் யார் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. மேரியையும் கேட்டுவிட்டு எழுது.

அக்கா நீலாம்பாள்

*

தாராவி
2 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நலம்தான்.

தீபாவளிக்கு வர வேண்டாம். மேல்தளம் ஒழுகுகிறது, ஆள் விட்டு உடைத்துப் போட்டிருக்கிறோம். மேரியின் அம்மாவும் வந்திருக்கிறார். உட்கார இடமில்லை. தை பிறக்கட்டும், பார்க்கலாம்.

கையின் அளவு கேட்டாயே, இதோடு வைத்திருக்கிறேன். கோடு போட்டது மேரி. பழக்கமில்லாததால் கோணலாகப் போய்விட்டது, தப்பாக நினைக்காதே.

தேவேந்திரன்

*

ஐயம்பேட்டை
14 நவம்பர் 2023

தேவேந்திரா,

நாங்கள் நலம். உன் நலத்தைத்தான் இப்போது கேட்கிறேன். சும்மா ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பிக்காதே.

காகிதத்தை மேசையில் விரித்து நானும் உன் மாமாவும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "யார் கை இது?" என்று கேட்டார் அவர். விரிக்கச் சொன்னேன், நீ விரிக்கவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கியிருக்கின்றன. கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேரிக்குக் கோடு போடத் தெரியவில்லை என்றாய். அவள் கோடு நேராகத்தான் இருக்கிறது. கைதான் அப்படி இருக்கிறது.

அடிபட்டதா? இயந்திரத்தில் மாட்டிக்கொண்டாயா? சர்க்கரை வியாதியா? எதுவாக இருந்தாலும் சொல். வைத்தியம் இல்லாத வியாதி உண்டா இந்தக் காலத்தில்? வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, இங்கிருந்து இரண்டு மணி நேரம். நான் கூடவே இருக்கிறேன்.

அந்தக் கோட்டுக்குத் தக்கபடி ஒரு பிடி செய்து அனுப்புகிறேன். எட்டு நாள் ஆயிற்று. மூன்று கட்டையைக் கெடுத்தேன். மடங்கிய விரல் உட்காருவதற்கு உளியால் பள்ளம் எடுத்திருக்கிறேன். பின்னால் ஒரு துளை இருக்கிறது. அதில் தோல்வார் கோத்து மணிக்கட்டோடு கட்டிக்கொண்டால், நீ இறுக்கிப் பிடிக்காவிட்டாலும் கட்டை கையை விட்டு நழுவாது.

சொல்ல இஷ்டமில்லை என்றால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உன் கல்யாணத்துக்கு வராதவள் நான். ஆனால் எனக்கு உன்னை விட்டால் கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

அக்கா

*

ஐயம்பேட்டை
7 ஜனவரி 2024

தேவேந்திரனுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

பார்சல் போய்ச் சேர்ந்ததாகத் தபாலாபீசில் சொல்கிறார்கள். நீ ஐம்பத்து நாலு நாளாக ஒரு வரி எழுதவில்லை. மேரிக்குப் போன் போட்டால், "நல்லா இருக்காரு அண்ணி, லெட்டர் போடுறேன்னாரு" என்று அதையே பாடம் மாதிரி ஒப்பிக்கிறாள்.

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. நாக்கு குழறி, மூக்கால் பேசுகிற குரல். "யாரும்மா அது?" என்றேன். "பக்கத்து வூட்டுக்காரரு அண்ணி, குடிச்சிட்டு வந்து பேசிக்கினு இருக்காரு" என்றாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பகல் பதினோரு மணி. அந்தக் குரலில் "மேரி" என்று கூப்பிட்டதும் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரன் எதற்கு உன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்?

உன் கை மடங்கிக் கிடக்கிறது. கடிதம் எழுத முடியவில்லை. போனில் பேச மாட்டேன் என்கிறாய். அக்காவை வர வேண்டாம் என்கிறாய். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாதா? எப்போதிருந்து குடிக்கிறாய்? இப்படிக் குடித்துக் கையைக் கெடுத்துக்கொள்ளவா நான் உனக்கு ராப்பகலாய்ப் பிடி கடைந்து அனுப்பினேன்? மேரி வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்குகிறாள். அவளை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விட்டுவிடு. விட முடியவில்லை என்றால் இங்கே வா. அதற்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அக்கா

*

தாராவி
20 ஜனவரி 2024

அக்கா,

நான் குடிக்கவில்லை. இதை மட்டும் நம்பு.

கனத்த பிடி இனி வேண்டாம். முக்கால் அங்குலக் கனம், நாலு அங்குல நீளம், இரண்டு பிடி. சின்னக் கொட்டாப்புளி ஒன்று. மெல்லிய கைக்குத் தக்கபடி.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தே

*

ஐயம்பேட்டை
4 பிப்ரவரி 2024

என் ராசாவுக்கு,

நீயும் மேரியும் நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும்.

முக்கால் அங்குலம் என்று படித்ததும் பட்டறையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். "அளவு எறங்கிப்போச்சுங்க! அளவு எறங்கிப்போச்சு!" என்று நான் கத்தினதில் பக்கத்துத் தறியில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். உன் மாமா கடிதத்தை வாங்கி நாலு தடவை படித்தார். "பழைய அளவுக்கும் கீழே வந்துட்டான் பாரு, விரல்ல பிடி வந்துட்டுது அவனுக்கு" என்றார். எழுத்து மட்டும் கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. அதுவும் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்.

குடி என்று எழுதின இந்தக் கையை அடுப்பில் வைக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. மருந்தால்தான் அந்த மாதிரி நாக்கு குழறியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. என்ன வியாதி, எந்த டாக்டர், ஒன்றும் நான் கேட்கவில்லை. குணமாகிவிட்டது, அது போதும். கச்சபேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை பண்ணி, பட்டறைத் தெருவில் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். லோகாம்பாள் இரண்டு தரம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பிடியும் ஈட்டி மரம். ரொம்ப நாளாக ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தேன், இதைவிட நல்ல சமயம் எப்போது வரப்போகிறது? மெருகு மூன்று தடவை போட்டேன். கொட்டாப்புளியையும் சின்னதாக, இடுப்பு ஒடுக்கமாக, பார்க்க அழகாகச் செய்திருக்கிறேன். முதலில் தைக்கிற பையை எனக்கு அனுப்பு. அதை மாட்டிக்கொண்டு காந்தி ரோடு முழுக்க நடப்பேன்.

சித்திரையில் வருகிறோம். வேண்டாம் என்று சொன்னாலும் வருவோம்.

அக்கா நீலாம்பாள்

*

தாராவி
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மேரி எழுதுகிறேன். நாலாவது வரைக்கும்தான் தமிழ் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அண்ணனும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

அண்ணி, அந்தப் பிடி அவருக்கு இல்லை. எனக்கு.

போன வருஷம் மே மாதமே டாக்டர் சொல்லிவிட்டார். மோட்டார் நியூரான் வியாதி என்று பெயர். மூளையிலிருந்து சதைக்குப் போகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். மருந்து இல்லை. இரண்டு ஆஸ்பத்திரியில் பார்த்தோம், இரண்டிலும் அதையே சொன்னார்கள். முதலில் அவருக்குப் பேச்சுதான் குழறியது. அதனால்தான் உங்களோடு போனில் பேசவில்லை. "பேசினா அக்கா கண்டுபுடிச்சிடும், எழுதிடுறேன்" என்று சொன்னார். எழுதக் கை இருக்கும்வரை உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். கைக்கும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் வரும் என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் சொன்னது பொய். அது அவர்தான். தண்ணீர் கேட்டார். அப்படிச் சொன்னதற்காக அன்று முழுதும் நான் சாப்பிடவில்லை. நீங்கள் குடி என்று எழுதின கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று. பேனாவை விரலோடு துணியால் கட்டிவிட்டேன். நான் எழுதுகிறேன் என்று சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த ஏழெட்டு வரிதான் அவர் கடைசியாக எழுதினது.

டிசம்பரிலிருந்து தைப்பது நான். அவர் பக்கத்தில் நாற்காலியில் இருந்து பார்க்கிறார். தையல் தப்பாகப் போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். சரியாக இருந்தால் திறந்து வைக்கிறார். அவர் பிடி என் கைக்கு அடங்கவில்லை, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களை முக்கால் அங்குலம் கேட்டார். யாருக்கு என்று மட்டும் எழுத மனசு வரவில்லை.

நீங்கள் பொங்கல் கொடுத்ததை எழுதியிருந்தீர்களே, அதையும் படித்தேன். பாதியில் நிறுத்தலாமா என்று பார்த்தேன். அவர் விடவில்லை. முடித்ததும் சிரித்தார். நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, சிரிப்பும் வந்துகொண்டே இருந்தது. வியாதியே அப்படிச் சிரிக்க வைக்கும் என்று டாக்டர் முன்பு சொன்னார். அது வியாதியா, அவரா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. வாருங்கள் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா, வர வேண்டாம் என்று எழுத இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை. எனக்குத் தனியாகப் பார்க்க முடியவில்லை அண்ணி.

பிடி என் கைக்குச் சரியாக இருக்கிறது.

மேரி

*

தாராவி
14 மார்ச் 2024

என் வீட்டுக்காரருக்கு,

வந்து சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. உங்கள் தோளுக்குத் தைலத்தை இரண்டு வேளையும் தேயுங்கள். சமையலுக்கு லோகாம்பாளிடம் சொல்லியிருக்கிறேன், வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

போனில் நான் "ம்", "சரி" என்று மட்டும் பேசுவதைப் பார்த்து நீங்கள் கோபித்துக்கொள்கிறீர்கள். வீடு ஒரே அறைதான். கீழே பட்டறை, மேலே வீடு. அவன் காது நன்றாகக் கேட்கிறது, மனசும் தெளிவாக இருக்கிறது. அவனை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி எப்படிப் பேசுவேன்? அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் போனில் எதையும் கேட்காதீர்கள்.

அரக்கோணத்தில் ரயில் ஏறினதிலிருந்து, அவனைப் பார்த்ததும் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தாள் மேரி. நம் தேவேந்திரனில் பாதி உடம்பு. என்னைப் பார்த்தான். மேரி அவன் வாயைத் துடைத்தாள். நான் போய் அவன் கையைப் பிடித்தேன். பிடித்தது நான்தான், அவன் கை சும்மா இருந்தது.

மேரி ஒல்லியான பெண். கறுப்பு. பேச்சு குறைவு. வாசலில் என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "வாங்க அண்ணி" என்றாள். பதினாலு வருஷத்துக்கு அவ்வளவுதான். நான் எழுதி வைத்துக்கொண்டு வந்த மன்னிப்பையெல்லாம் அவள் சொல்லவே விடவில்லை. "அவருக்குச் சாப்பாடு குடுக்குற நேரம் அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கீழே பட்டறையைப் பார்த்தேன். நான் அனுப்பியதெல்லாம் ஒரு பலகையில் வரிசையாக இருக்கிறது. ஒன்றே கால் அங்குலப் பிடி தேய்ந்திருக்கிறது. ஒன்றே முக்கால் கொஞ்சம் அழுக்காகியிருக்கிறது, அவ்வளவுதான். எட்டு நாள் உட்கார்ந்து பள்ளம் எடுத்தேனே, வார் கோக்கத் துளை விட்டேனே, அது புதிதாகவே இருக்கிறது. துளைக்குள் மரத்தூள் கூட அப்படியே இருக்கிறது. "வந்து சேர்ந்தன்னிக்குக் கையில கட்டிப் பார்த்தோம் அண்ணி. அதுக்குள்ள தோள் தூக்க முடியாம போச்சு" என்றாள் மேரி. அவன் அளவு எடுத்து, தபால் வந்து, நான் கடைந்து, பார்சல் போய்ச் சேருவதற்குள் அவன் கை இன்னொரு கையாகிவிட்டிருக்கிறது. ஒரு தடவையாவது முந்திக்கொண்டோமா? இல்லை. எத்தனை கட்டையைக் கடைந்தாலும் முந்தியிருக்க முடியாது என்று டாக்டர் சொல்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மேரி தைக்கிறாள். நன்றாகவே தைக்கிறாள். நான் உள்துணி ஒட்டுகிறேன், பசை கலக்கிக் கொடுக்கிறேன். காலையில் பக்கத்து வீட்டு குரு என்பவர் வந்து அவனைத் தூக்கி இறக்கி உட்காரவைத்துவிட்டுப் போவார். பகல் முழுக்க அவன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாப்பாட்டைக் கரைத்து ஸ்பூனில் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தால் புரையேறுகிறது. மேரி கொடுத்தால் இறங்குகிறது. கழுத்தைப் பிடிக்கிற விதம் இருக்கிறதாம். சொல்லித் தருகிறாள், எனக்கு இன்னும் வரவில்லை.

இனி எழுதப்போவதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். எனக்குச் சத்தம்தான் கேட்டது. குழந்தையில் அவன் முதலில் பேசினதை எங்கள் அம்மாவுக்கே அர்த்தம் சொன்னவள் நான். இப்போது ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. "என்னடா? தண்ணியா? கால் வலிக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். இல்லை என்று அர்த்தம். மறுபடி சொன்னான். வேர்த்துக் கொட்டியது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேரி மேலேயிருந்து இறங்கி வந்து, அவன் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

"நீங்க எப்போ போவீங்கன்னு கேக்குறாரு அண்ணி."

"போன்னு சொல்றானா, போயிடுவேனோன்னு கேக்குறானா?" என்று அவளைக் கேட்டேன்.

மேரி அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "தெரியல அண்ணி. வார்த்தைதான் எனக்குப் புரியும். முகம் இப்போல்லாம் எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்குது" என்றாள்.

அவனிடமே திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு வார்த்தைக்கே அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நான் இருப்பது அவனுக்குப் பாரமாக இருக்கிறதோ, இந்தக் கோலத்தில் என் கண்ணில் படவே கூடாது என்றுதான் இத்தனை நாள் மறைத்தானோ, அவன் நினைத்தபடி நடக்க விடாமல் நான் வந்து உட்கார்ந்துவிட்டேனோ என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. நான் கிளம்பிவிடப் போகிறேன் என்று பயந்து கேட்டிருந்தால்? ரயில் ஏறிப் போன பிறகு அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வேன்?

"டிக்கெட் போடலடா" என்று மட்டும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அது இல்லை என்ற அர்த்தமா, களைப்பா, அதுவும் தெரியவில்லை.

நேற்றும் கேட்டான். இன்று காலை கஞ்சி குடித்ததும் கேட்டான். இப்போது அந்தச் சத்தம் எனக்கே புரிகிறது, மேரி வர வேண்டியதில்லை. "இன்னிக்கு இல்லடா" என்று சொல்லிவிட்டுப் பசை கலக்கப் போனேன். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தறிக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், உருளைக்கட்டைக்கு வேறு பட்டறை பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்,
நீலாம்பாள்